மாதிரி எண் பதினேழு

பொறையாறு பேருந்து நிலையத்துக்கு எதிரே
ரஹ்மத் ஜெராக்ஸ், என் கடை.
ஆதார், சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீடு.
பக்கம் இரண்டு ரூபாய்.

சிங்காரவடிவேல் வந்தபோது தூறிக்கொண்டிருந்தது.
சட்டைப்பையில் மடித்த சீட்டு,
அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர்.
"நாலு வருசம் முந்தி வந்து
வயல்ல பதினோரு குழி போட்டாங்க.
குழாய் குழாயா மண்ணு போச்சு.
எளநி வெட்டிக் குடுத்தேன்.
முடிவு வந்துச்சான்னு பாரு ரஹ்மத்து."

வந்திருந்தது.
தலைப்பிலேயே நண்டலாறு.
சுருக்கம் ஆறு வரி,
அதன் கீழே பூட்டுப் படம்:
முப்பத்தொன்பது யூரோ,
இருபத்துநாலு மணி நேரம் பார்க்கலாம்.

வாய்க்குள்ளேயே பெருக்கிப் பார்த்தார்.
"நாலு சிப்பம் நெல்லு.
மொறை வச்சுத் தண்ணி விடுறவனே
ஆறு நாள் விடுறான்.
இது ஒரே நாளா?"

மண் அவருடையது.
உப்பு கடலுடையது.
இரண்டும் கலந்து வந்த எண்
யாருடையது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் போட்டுத் தேடினேன்.
நெதர்லாந்தில் அவள் பல்கலைக்கழகத்துப் பெட்டகத்தில்
அதே கட்டுரை, பூட்டில்லாமல்.
அங்கே அப்படி ஒரு விதியாம்:
ஊர்ப் பணத்தில் கண்டதை
ஆறு மாதம் கழித்தாவது ஊர் முன் வைக்கலாம்.
கடல் மட்டத்துக்குக் கீழே குடியிருப்பவர்கள்,
கரை உடைந்தால் யார் வீடு என்று பார்த்து வராது
என்று தெரிந்திருக்கும்.

அடியில் பொடி எழுத்து. படித்துச் சொன்னேன்:
யாரும் நகலெடுக்கலாம், யாருக்கும் தரலாம்,
பெயரைச் சொன்னால் போதும்.
"யாரும்னா?"
"யாரும்தான்."
"நம்மளும்?"

முப்பத்தோரு பக்கம், அறுபத்திரண்டு ரூபாய்.
இலவசம் என்று சொன்ன வாயால்
காசு கேட்கக் கூசியது. கேட்டேன்.
தாள் மயிலாடுதுறையிலிருந்து வருகிறது,
டோனர் கடனில் ஓடுகிறது.
அறுபது கொடுத்தார்.

மூன்றாம் அட்டவணையில் அவர் வயல்: எஸ்-17.
கடைசிப் பக்க நன்றியில்
பணம் தந்த நிறுவனம், கருவி தந்த கூடம்,
பிறகு 'உள்ளூர் விவசாயிகள்'.
என் பேனாவை வாங்கி
எஸ்-17க்குப் பக்கத்தில், பட்டாவில் இருப்பது போலவே,
சிங்காரவடிவேல், த/பெ வைத்தியலிங்கம், காட்டுச்சேரி.
"பேரைச் சொல்லணும்னு
அவங்களேதான போட்டிருக்காங்க."

போகத் திரும்பியவர் நின்றார்.
"கடைமடை ஷட்டரை எப்பத் தூக்குனான், எப்ப எறக்குனான்,
அந்தக் கணக்கு எந்த நாட்டுல இருக்கு?"

நாலு கிலோமீட்டரில் இருக்கிறது.
பச்சை பீரோவில்.
தரங்கம்பாடிக் கோட்டையில் டேனிஷ்காரர்கள்
மிளகுக்கும் துணிக்கும் எழுதிய பேரேட்டைக்கூட
இப்போது வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று
ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு மாணவன் சொன்னான்.
போன ஐப்பசி ஷட்டர் பதிவேட்டுக்கு
பத்து ரூபாய் வில்லை ஒட்டி மனுப் போட்டோம்.
மூன்று முறை அதே பதில்:
கோரிய தகவல் தொகுக்கப்பட்ட வடிவில் இல்லை.
உப்பு மனுப் போட்டு வருவதில்லை.

தை பிறந்ததிலிருந்து அவரே அனுப்புகிறார்.
"காலை 6.10. ரெண்டு பலகை தூக்கி.
தண்ணி கரிக்குது."
"இன்னிக்குப் போகல. பொண்ணுக்குக் காய்ச்சல்."
வந்ததை வந்தபடியே
கடையில் ஆள் இல்லாத நேரம் தட்டச்சு செய்கிறேன்,
காய்ச்சல் உட்பட.
அட்டவணையைப் பூட்டாமல் இணையத்தில் வைத்தேன்.
தலையில் என்ன எழுதுவது என்று யோசித்து
அவளிடமிருந்தே எடுத்தேன்:
யாரும் எடுத்துக்கொள்ளலாம்,
பெயரைச் சொன்னால் போதும்.

நேற்று ராத்திரி யாரோ உள்ளே வந்திருந்தார்கள்.
அடையாளம் காட்டாமல் வருபவர்களுக்குக்
கணினியே ஒரு மிருகத்தின் பெயர் வைக்கும்.
திரை மூலையில்
'பெயரில்லாத எருமை'.
பொதுப்பணித்துறைப் பையனோ,
கடலுக்குக் கீழே குடியிருக்கும் அந்தப் பெண்ணோ,
மெல்ல நகர்ந்து
காய்ச்சல் வரியில் கொஞ்ச நேரம் நின்றது.

ஷட்டரை இறக்கிப் பூட்டினேன், கடை ஷட்டரை.
மேயட்டும்.